பேன்கேக் நல்லாத்தான் இருந்துச்சு, பில்லுதான் இடிக்குது: ப்ரன்ச் கேஃபே கேள்வி-பதில்

இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே சப்ஜெக்ட், தெருவுக்கு ஒண்ணா முளைச்சிருக்கிற ப்ரன்ச் கேஃபே. மர பெஞ்சு, செவுத்துல மணி பிளான்ட், பேன்கேக், சீஸ் ஆம்லெட், மேக் அண்ட் சீஸ், காலைல ஒம்போதுக்கு தொறந்தா சாயங்காலம் நாலு வரைக்கும் முட்டை கெடைக்கும், அந்த டைப் கடைங்க. ப்ரேக்ஃபாஸ்ட்டையும் லஞ்சையும் ஒண்ணா சேத்த ப்ரன்ச்ங்கற வார்த்தையே 1895ல இங்கிலாந்துல கை பெரிஞ்சர்னு ஒருத்தர் கட்டுரை எழுதி கெளப்பி விட்டது, சனிக்கெழம ராத்திரி கூத்தடிச்சவங்க ஞாயித்துக்கெழம லேட்டா எழுந்துக்கறதுக்கு வசதியா. நம்ம வீட்டுல பதினோரு மணிக்கு எழுந்து வந்து டிபன் கேட்டா என்ன கெடைக்கும்னு தெரியும், அதே பதினோரு மணிக்கு அங்க போனா சிரிச்சிக்கிட்டே மெனு கொடுக்கறாங்க, கூட்டம் போகாம என்ன செய்யும்.

நான் ஆறு வருஷம் ஒரு ரெஸ்டாரன்ட்ல கேஷ் கவுண்டர்ல உக்காந்து பில் போட்டவ. அதனால சில பதில்ல கவுண்டருக்கு அந்தப் பக்கத்து புத்தியும் கொஞ்சம் எட்டிப் பாக்கும், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, அண்ணா நகர்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு கேஃபே தொறந்திருக்காங்க. நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர், மாமியார், ஞாயித்துக்கெழம போனோம். சாப்பாடு 2,400. அதுக்குக் கீழ "எஸ்.சி 10%"னு 240, அப்புறம் சிஜிஎஸ்டி 66, எஸ்ஜிஎஸ்டி 66, மொத்தம் 2,772. எஸ்.சினா என்னன்னு கேட்டதுக்கு எங்க வீட்டுக்காரர் ஏதோ ஸ்டேட் செஸ்ஸா இருக்கும்னு சொல்லிட்டாரு. அந்தப் பையன் இங்கிலீஷ்லயே பேசினான், கேக்க கூச்சமா இருந்துச்சு, கட்டிட்டு வந்துட்டோம். அது என்னது? திரும்ப வாங்க முடியுமா?

பதில்: உங்க வீட்டுக்காரர் கிட்ட மெதுவா சொல்லுங்க, ஸ்டேட் செஸ்னு ஹோட்டல் பில்லுல ஒண்ணும் கெடையாது, அது சர்வீஸ் சார்ஜ். டாக்ஸ் இல்ல, கவர்மென்ட்டுக்கு ஒரு பைசா போறதில்ல, கடைக்காரர் தானா போட்டுக்கறது. அதை ஷார்ட்டா ரெண்டு எழுத்துல டாக்ஸுக்கு மேல போட்டு வச்சா பாக்கறவங்க அதையும் டாக்ஸ்னு நெனச்சுட்டு போயிடுவாங்க, அதுக்குத்தான் அந்த ரெண்டெழுத்து.

கதை என்னன்னா, 2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க. ஹோட்டலோ ரெஸ்டாரன்டோ சர்வீஸ் சார்ஜை பில்லுல தானா சேக்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாது, கட்டுனாதான் உள்ள விடுவேன்னு சொல்லக் கூடாது, இஷ்டம் இருந்தா கொடுக்கலாம்னு கஸ்டமர் கிட்ட தெளிவா சொல்லணும், அதையும் சாப்பாட்டு காசோட சேத்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்க கோர்ட்டுக்கு போனாங்க, அதே மாசம் ஸ்டே வாங்குனாங்க, கிட்டத்தட்ட மூணு வருஷம் இழுத்துச்சு. கடைசில 2025 மார்ச் 28ல டெல்லி ஹைகோர்ட் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, வழக்கு போட்ட ரெண்டு சங்கத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் அபராதம் வேற. மேல அப்பீல் போயிருக்காங்க, அது தனிக் கதை.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம். 2,400க்கு 5% ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ரெண்டும் சேத்து) 120, ஆக நீங்க கட்டியிருக்க வேண்டியது 2,520. அவங்க 240ஐ சேத்து 2,640 ஆக்கி அதுக்கு 5% போட்டதால ஜிஎஸ்டியே 132 ஆயிடுச்சு. எக்ஸ்ட்ரா போனது 240 இல்ல, 252.

அடுத்த வாட்டி எப்படி கேக்கறதுன்னு சொல்றேன். பரிமாறுன பையன் கிட்ட கேக்காதீங்க, அவன் பாவம், அவன் கையில ஒண்ணும் இல்ல. நேரா கவுண்டருக்கு போய் "இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொடுங்க"ன்னு ஒரே லைன், விளக்கமெல்லாம் வேண்டாம், தமிழ்லயே சொல்லுங்க, புரியும். "சிஸ்டம்ல தானா வருது மேடம், எடுக்க முடியாது"ன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க, அந்த டயலாக்கை நானே எத்தனையோ பேர் கிட்ட சொல்லியிருக்கேன், பில்லிங் சாஃப்ட்வேர்ல அந்த லைனை தூக்கறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. "இது முழுக்க ஸ்டாஃபுக்கு போகுது"ன்னும் சொல்லுவாங்க. சில எடத்துல போகுது. நான் இருந்த கடைல ஒடஞ்ச கப்புக்கும் காணாம போன ஸ்பூனுக்கும் அதுலேந்துதான் கழிச்சாங்க, மிச்சம் இருந்தா பங்கு.

எடுக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா சண்டை போடாதீங்க, கட்டிட்டு பில்லை பத்திரமா வச்சு 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அவங்களே கடைக்கு எழுதி கேப்பாங்க, நெறைய பேருக்கு அதோட பணம் திரும்பிடுது. போன வாரத்து பில்லுக்கும் இதே வழிதான், பில்லு கையில இருந்தா போதும். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்கு கட்டணமே கெடையாது, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம். 252 ரூபாக்கு அவ்ளோ தூரம் போவணுமான்னு கேட்டா, அது உங்க இஷ்டம்.

ஒண்ணு மட்டும் எனக்கு புரியல. மெஸ்ஸுல உக்காந்தா "அண்ணே இன்னும் கொஞ்சம் சாம்பார், அண்ணே சட்னி"ன்னு மூணு தடவ கூப்பிடற நாமதான் இங்க வந்து 240 ரூபாயை கேள்வி கேக்காம கட்டிட்டு தேங்க்யூ வேற சொல்லிட்டு வர்றோம். மெனு இங்கிலீஷ்ல இருந்தா வாய் தமிழ்லயும் தொறக்க மாட்டேங்குது.

கேள்வி: மேடம், வணக்கம். பெசன்ட் நகர்ல பேரன் ஒரு காலை உணவு கேஃபேக்கு கூட்டிட்டு போனான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதன் மேல 20 ரூபாய் என்று அச்சடித்திருக்கு, பில்லில் 70. எம்ஆர்பிக்கு மேல விற்பது குற்றம் இல்லையா? நான் 34 வருஷம் பேங்கில் இருந்தவன், ஒரு ரூபாய் கணக்கு தப்பினாலும் தூக்கம் வராது.

பதில்: சார், உங்க தூக்கம் இன்னைக்கும் போகப் போகுது. கடைல வித்தா குத்தம்தான். ஆனா உக்கார வச்சு பரிமாறுற எடத்துக்கு அது பொருந்தாதுன்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ஹோட்டல் சங்கங்களோட கூட்டமைப்பு போட்ட கேஸ் அது. நீங்க அங்க வெறும் பாட்டில் வாங்கறதுக்கு போகல, எடம், ஏசி, ஆளு கொண்டாந்து ஊத்தறது எல்லாம் சேத்துதான் வாங்கறீங்க, அதனால எம்ஆர்பி சட்டம் அங்க நிக்காதுன்னு லாஜிக். எனக்கு அந்த லாஜிக் பிடிக்கல, ஆனா அதுதான் சட்டம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. எடத்துக்கும் சர்வீஸுக்கும் சேத்துத்தான் பாட்டிலுக்கு 70 ரூபான்னா, அதே பில்லுல தனியா சர்வீஸ் சார்ஜ் எதுக்கு? ரெண்டும் இருந்தா மேல அண்ணா நகர் அம்மாவுக்கு சொன்னதை நீங்களும் செய்யுங்க. அப்புறம் மெனு கார்டுல பாட்டிலுக்கு 70னு போட்டிருந்தாங்களான்னு பாருங்க, போடாம பில்லுல மட்டும் வந்தா அதை கேக்கலாம்.

இன்னொண்ணு, உக்காந்ததும் "ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா சார்?"னு கேப்பாங்க, வெறும் பாட்டில் தண்ணியா, கேஸ் ஏத்துனதான்னு அர்த்தம். ரெண்டுமே காசு. அது ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்லணும்னு எங்கயும் எழுதி வைக்கல, "சாதா தண்ணி"ன்னு சொல்லுங்க. முகம் கொஞ்சம் மாறும், தண்ணி வரும்.

கேள்வி: அக்கா எங்க தெருல ஒரு கபுள் வீட்டு மாடிலயே கேஃபே நடத்துறாங்க, சூப்பர் டேஸ்ட், பில்லு மட்டும் வெள்ள பேப்பர்ல பிரின்ட் வருது, 5% ஜிஎஸ்டின்னு போட்டு வாங்கறாங்க ஆனா ஜிஎஸ்டி நம்பரே இல்ல. கேட்டா தப்பா நெனப்பாங்களா?

பதில்: கேளுங்க, டேஸ்ட்டு வேற டாக்ஸு வேற. ஜிஎஸ்டி வாங்கணும்னா பில்லுல 15 எழுத்து நம்பர் இருந்தே ஆகணும், தமிழ்நாட்டு கடைன்னா 33ல ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் அவங்க பேன் நம்பர் பத்து எழுத்து வரும். நம்பர் இல்லாம ஜிஎஸ்டின்னு வாங்கற காசு எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

நம்பர் இருந்தாலும் வேலை முடியல, இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. சின்னக் கடைங்க காம்போசிஷன் ஸ்கீம்னு ஒண்ணுல இருப்பாங்க, ரெஸ்டாரன்டுக்கு வருஷத்துக்கு ஒன்றரை கோடி வியாபாரம் வரைக்கும் அதுல இருக்கலாம். அவங்களும் 5% கட்டுறாங்க, ஆனா அது அவங்க கல்லாலேந்து கட்டணும், கஸ்டமர் கிட்ட வாங்கவே கூடாது. பில்லு மேலயே நாங்க காம்போசிஷன், வரி வசூலிக்க தகுதி இல்லன்னு அச்சடிக்கணும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல "சர்ச் டாக்ஸ்பேயர்"னு இருக்கும், லாகின் வேண்டாம், நம்பரை போட்டா ரெகுலரா காம்போசிஷனான்னு அதுவே காட்டும், காபி வர்றதுக்குள்ள பாத்துடலாம்.

தெரியாம கூட செஞ்சிருக்கலாம் அந்த கபுள், பில்லு சாஃப்ட்வேர் வித்தவன் 5% போட்டுக் கொடுத்துட்டு போயிருப்பான். தனியா கூப்பிட்டு சொல்லிப் பாருங்க மொதல்ல. தெருக்காரங்க, தெனம் மூஞ்சி பாக்கணும்.

கேள்வி: 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கொறஞ்சிடுச்சு கொறஞ்சிடுச்சுன்னு டிவில சொன்னாங்க. எங்க கேஃபேல அதே சீஸ் ஆம்லெட் அதே 310 தான். ஏமாத்துறாங்களா?

பதில்: டாக்ஸ்ல ஏமாத்தல. ரெஸ்டாரன்ட் சாப்பாட்டுக்கு முன்னாடியும் 5%, செப்டம்பர் 22க்கு அப்புறமும் 5%தான். கொறஞ்சது அவங்க வாங்கற சாமானுக்கு. வெண்ணெய், நெய், சீஸ் 12லேந்து 5க்கு வந்துச்சு, பாக்கெட் பனீருக்கு சுத்தமா எடுத்துட்டாங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 5% போடற ரெஸ்டாரன்ட் தான் வாங்குன சாமானுக்கு கட்டுன ஜிஎஸ்டியை கழிச்சுக்க முடியாது, அது அப்படியே அவங்க செலவு. முன்னாடி 500 ரூபா வெண்ணெய்க்கு டாக்ஸோட 560 கொடுத்தவர் இப்ப 525 கொடுக்கறார், அந்த 35 முழுசா மிச்சம். முட்டை, வெண்ணெய், சீஸ்னு இருக்கற ப்ரன்ச் கடைக்கு அது கண்ணுக்கு தெரியற மிச்சம்தான். அதுக்காக ஆம்லெட்ல அஞ்சு ரூபா கொறைச்ச கடை உங்க ஏரியால இருந்தா சொல்லுங்க, நானே வர்றேன்.

அப்புறம் பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்கற கேஃபேல 5 இல்ல 18% போட்டாங்கன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500க்கு மேல வாங்கற ஹோட்டல்னா உள்ள இருக்கற ரெஸ்டாரன்டுக்கும் 18%தான். தெருக் கடை ஆம்லெட்டுக்கு கெடையாது.

கேள்வி: அக்கா, நான் அஞ்சு மாசம். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வீக்கெண்ட் ப்ரன்ச் கூப்பிடறாங்க. எக்ஸ் பெனடிக்ட், அதான் அரைவேக்காட்டு முட்டை மேல சாஸ் ஊத்தி தர்றது, ரொம்ப பிடிக்கும். மேல ஊத்துற மஞ்ச சாஸ் பச்ச முட்டைன்னு ஒருத்தி சொல்றா, இன்னொருத்தி வெந்ததுன்றா. தமிழ்நாட்டுல பச்ச முட்டைக்கு தடைன்னும் சொல்றாங்க. எது நெஜம்?

பதில்: மொதல்ல வாழ்த்துக்கள். ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி சரி. அந்த சாஸ் பேர் ஹாலண்டைஸ், முட்டை மஞ்சக்கருவையும் உருக்குன வெண்ணெயையும் லேசான சூட்டுல அடிச்சு அடிச்சு கெட்டியாக்கறது. சூடு ஏறிட்டா மஞ்சக்கரு திரிஞ்சு பொடிமாஸ் ஆயிடும், அதனால வெதுவெதுப்புலயே வச்சிருப்பாங்க, கிருமி சாகற அளவுக்கு வேகாது. அதுலயும் ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு காலைலயே ஒரு பாத்திரம் பண்ணி அடுப்பு ஓரத்துல வச்சுட்டு மத்தியானம் வரைக்கும் ஊத்துவாங்க, எனக்கு பயமே அந்தப் பாத்திரம்தான். அதுக்கு அடியில இருக்கற முட்டையும் வெட்டுனா மஞ்சக்கரு வழியணும்னு வேக வச்சதுதான். இப்ப வேண்டாம் கண்ணு, கொழந்த பொறந்தப்புறம் ரெண்டு தட்டா சாப்பிடு.

தடை வந்தது மயோனைஸுக்கு. பச்ச முட்டைல பண்ற மயோனைஸை செய்யறது, வைக்கறது, விக்கறது எல்லாத்தையும் 2025 ஏப்ரல் 8லேந்து ஒரு வருஷத்துக்கு தமிழ்நாடு அரசு தடை பண்ணுச்சு, அதுக்கு முன்னாடி 2024 அக்டோபர்லயே தெலங்கானால பண்ணிட்டாங்க. சால்மொனெல்லா மாதிரி கிருமிதான் காரணம். ஹாலண்டைஸ் பேரு அந்த லிஸ்ட்ல இல்ல, ஆனா முட்டைக்குள்ள இருக்கற கிருமிக்கு சாஸோட பேரு தெரியாது.

போகாமயே இருக்காத, போ. ஆம்லெட்டோ ஸ்க்ராம்பிளோ சொல்லி "நல்லா வேகணும், உள்ள ஈரம் இருக்கக் கூடாது"ன்னு சொல்லு. "செஃப் அப்படி பண்ண மாட்டார்"னு சொன்னா மாசமா இருக்கேன்னு சொல்லு, எந்த செஃபும் பண்ணுவார். சாண்ட்விச்சுல மயோ இருந்தா எக்லெஸ்ஸான்னு கேளு. டெசர்ட்ல டிராமிசு, மூஸ் ரெண்டுலயும் பச்ச முட்டை இருக்கலாம், அதையும் கேட்டுட்டு சாப்பிடு. மத்தபடி உன் டாக்டர் சொல்றதுதான்.

கேள்வி: பேன்கேக்கோட "ப்யூர் மேப்பிள் சிரப்"னு மெனுல போட்டு 450 ரூபா. வந்தது பாகு மாதிரி கெட்டியா ஒண்ணு. அவகாடோ டோஸ்ட் 420, அதுல "இம்போர்ட்டட் ஹாஸ்"னு போட்டிருக்கு. இதெல்லாம் நெஜமாவே அதானா? வொர்த்தா?

பதில்: எனக்கு புடிச்ச கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீட்டி பேசுவேன்.

மேப்பிள் சிரப்புங்கறது மேப்பிள் மரத்துல துளை போட்டு எறக்கற சாறை காய்ச்சி சுண்ட வைக்கறது, நம்ம பதநீர் காய்ச்சி கருப்பட்டி பண்றதுக்கு தூரத்து சொந்தம். சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சுனா ஒரு லிட்டர் சிரப், அதுவும் பெரும்பாலும் கனடாலேந்து வருது, அதனாலதான் அந்த வெல. நெஜ சிரப் தண்ணியா ஓடும், பேன்கேக் மேல ஊத்துனா உள்ள எறங்கிடும். கெட்டியா மேலயே நின்னு வழுக்கிட்டு போச்சுன்னா அது பேன்கேக் சிரப், சர்க்கரைப் பாகுலயோ சோளப் பாகுலயோ மேப்பிள் வாசனை கலந்தது, வெலை பல மடங்கு கம்மி. சந்தேகமா இருந்தா "பாட்டிலை கொஞ்சம் காட்டுங்க"ன்னு கேளுங்க, நெஜமா வாங்கி வச்சிருக்கறவங்க பெருமையா கொண்டாந்து காட்டுவாங்க. பேன்கேக் சிரப் ஊத்தறது தப்பில்ல, ப்யூர் மேப்பிள்னு எழுதிட்டு அதை ஊத்தறதுதான் தப்பு, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல அதுக்கு நியாயமற்ற வணிக நடைமுறைன்னு பேரு. மெனுவையும் தட்டையும் சேத்து ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு கடைல நான் இதை கேட்டேன். கேஷ்ல இருந்த பொண்ணு உள்ள போய் வந்து "மேடம் அது தீந்துடுச்சு, இன்னைக்கு வேற போட்டோம்"னுச்சு. தீந்துடுச்சுன்னா ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லணும்ல. பேன்கேக்கை பில்லுலேந்து எடுத்தாங்க, அதுக்கு நான் குரல் ஒசத்தவே இல்ல.

அவகாடோ நம்ம ஊர்ல பட்டர் ஃப்ரூட்டுன்னு ஜூஸ் கடைல எப்பயோ இருக்கு. கொடைக்கானல் கீழ்மலை, தாண்டிக்குடி பக்கமெல்லாம் நல்லா வெளையுது. தோல் வழவழன்னு பச்சையா, பழம் பெருசா, கொஞ்சம் தண்ணி ஜாஸ்தியா இருக்கும். ஹாஸ்ங்கறது தோல் சொரசொரன்னு, பழுத்தா கருப்பாயிடும், உள்ள வெண்ணெய் மாதிரி. மசிச்சு டோஸ்ட் மேல தடவிட்டா எது எதுன்னு எனக்கே தெரியாது, எலுமிச்ச, உப்பு, மொளகாத் தூள் போட்டா கொடைக்கானல் பழம் நல்லாவே இருக்கு. கடைக்காரர் பெருமையா கீழ்மலை பட்டர் ஃப்ரூட்டுன்னே எழுதலாம், எழுத மாட்டேங்கறாங்க, இம்போர்ட்டட்னு போட்டாத்தான் 420 கேக்க தைரியம் வருது போல.

வொர்த்தான்னா, இந்த தொழில்ல சாமான் செலவு விக்கற வெலைல மூணுல ஒரு பங்குக்குள்ள நிக்கணும்னு பாப்பாங்க, மிச்சம் வாடகை, சம்பளம், கரண்ட்டு, டெலிவரி ஆப்புக்கு கமிஷன். 420ல உங்க தட்டுக்கு வந்தது ஒரு 130, 140 ரூபா சாமான். அந்த மிச்சத்துக்கு நல்ல எடமும் ரெண்டு மணி நேர அரட்டையும் கெடைச்சா சரின்னு நெனைக்கறவங்களுக்கு வொர்த். பசிக்கு போறவங்களுக்கு இல்ல, அவங்க பொங்கல் வடை சாப்பிடலாம்.

கேள்வி: சாண்ட்விச் பிரெட்ல பூஞ்சை. கேட்டா மாத்தி கொடுத்தாங்க, சாரி கூட சரியா சொல்லல. எங்க புகார் கொடுக்கறது?

பதில்: தட்டு போறதுக்கு முன்னாடி போட்டோ, பில்லோட சேத்து இன்னொரு போட்டோ. பில்லுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் (கடையோட உணவு பாதுகாப்பு நம்பர்) இருக்கணும், 2022 ஜனவரிலேந்து கட்டாயம், 1ல ஆரம்பிச்சா லைசென்ஸ், 2ல ஆரம்பிச்சா சின்ன கடைக்கான ரெஜிஸ்ட்ரேஷன். தமிழ்நாடு உணவு பாதுகாப்பு துறைக்கு வாட்ஸ்அப் இருக்கு, 94440 42322, கடை பேரு, எடம், தேதி, போட்டோ போட்டு அனுப்புங்க. மாத்தி கொடுத்ததோட விட்டுடாதீங்க, அதே பாக்கெட் பிரெட்தான் அடுத்த டேபிளுக்கும் போயிருக்கும்.

கேள்வி: மெனுல கலோரி போடல, புகார் கொடுக்கலாமா?

பதில்: ஒரே ஒரு கடைன்னா போட வேண்டியதில்ல. பத்து அல்லது அதுக்கு மேல கிளை இருக்கறவங்களும் மத்திய லைசென்ஸ் வச்சிருக்கறவங்களும்தான் போடணும். தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க, பேன்கேக் மேல வெண்ணெய் இருக்கறது கண்ணுக்கே தெரியுதே.

கேள்வி: டேபிள்ல க்யூஆர் கோடு, ஸ்கேன் பண்ணா போன் நம்பர் கேக்குது, கொடுத்தாத்தான் மெனுவே தொறக்குது. கொடுத்தேன், தெனம் மெசேஜ். பில்லு கொடுக்கறப்ப "ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் போட்டா ப்ரவுனி ஃப்ரீ"ன்னாங்க. நான் போட்டுட்டேன், இப்ப மனசு உறுத்துது.

பதில்: ப்ரவுனி எப்படி இருந்துச்சு, அதை சொல்லவே இல்லையே?

போன் நம்பர் கொடுத்தாத்தான் பில்லு, கொடுத்தாத்தான் சேவைன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரங்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கு. "பேப்பர் மெனு கொடுங்க"ன்னு கேளுங்க, எல்லா கடைலயும் கவுண்டருக்கு அடில ரெண்டு மூணு கெடக்கும். பெரியவங்க வருவாங்கன்னு வச்சிருப்பாங்க.

ரேட்டிங்குக்கு 2022 நவம்பர்ல இந்திய தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000னு ஒரு தரநிலை கொண்டாந்துச்சு, காசோ பொருளோ கொடுத்து வாங்குற ரிவ்யூ கூடாதுன்னு. ஆனா அது கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டு பின்பத்தறது, அதனால ப்ரவுனி தொடரும். உறுத்துச்சுன்னா போய் எடிட் பண்ணி நெஜத்தை எழுதுங்க, சாப்பிட்ட ப்ரவுனியை யாரும் திரும்ப கேக்க மாட்டாங்க. இதை படிக்கற மத்தவங்களுக்கு, அஞ்சு ஸ்டாரை பாக்காம மூணு ஸ்டார் போட்டவங்க எழுதுனதை படிங்க, காபி ஆறிப் போச்சு, பார்க்கிங் இல்ல, ரெண்டு வாட்டி கேட்டப்புறம்தான் தண்ணி வந்துச்சுன்னு உருப்படியான நியூஸ் எல்லாம் அங்கதான் இருக்கும்.

கேள்வி: மேடம், எப்பப் பாரு கஸ்டமர் பக்கமே பேசறீங்க. நான் கோயமுத்தூர்ல சின்னதா ப்ரன்ச் கேஃபே வச்சிருக்கேனுங்க, மொத்தமே ஒம்போது டேபிளு. ஞாயித்துக்கெழம ஒரு பில்டர் காபி வாங்கிட்டு லேப்டாப்ப தொறந்து வச்சு மூணு மணி நேரம் உக்காந்துக்கறாங்க, வெளிய குடும்பத்தோட நாலு பேரு வெயில்ல நிக்கறாங்க. டைம் லிமிட் போட்டா தப்புங்களா? சர்வீஸ் சார்ஜும் வாங்கக் கூடாதுன்னா பசங்களுக்கு நான் என்னத்த கொடுக்கறது?

பதில்: நியாயமான கேள்விங்க. டைம் லிமிட் போடறதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா உக்காரறதுக்கு முன்னாடி தெரியணும். வாசல்ல ஒரு போர்டு, சனி ஞாயிறு ஒரு டேபிளுக்கு 90 நிமிஷம், இல்லன்னா ஆளுக்கு இவ்ளோ ரூபாக்கு ஆர்டர்னு. காபி குடிச்சு முடிச்சப்புறம் போய் சொல்றதுதான் சண்டை. லேப்டாப் ஆளுங்கள ஒரேயடியா வெரட்டாதீங்க, செவ்வாய்க்கெழம மூணு மணிக்கு உங்க கடைல ஆள் இருக்கற மாதிரி காட்டறதே அவங்கதான், செவுத்தோரமா ஒரு நீள பலகையும் நாலு ஸ்டூலும் போட்டு அங்க உக்கார வைங்க.

சர்வீஸ் சார்ஜுக்கு வழி ரொம்ப சிம்பிள், மெனு வெலைய ஏத்துங்க. வெல எவ்ளோ வைக்கணும்னு உங்கள யாரும் கேக்க முடியாது, மொத பதில்ல சொன்ன அந்த 2022 வழிகாட்டுதல்லயே சாப்பாட்டு வெலைக்குள்ள சர்வீஸும் அடக்கம்னுதான் இருக்கு. 300 ரூபா ஆம்லெட்டை 330 ஆக்குங்க, அந்த முப்பதை பசங்க சம்பளத்துல போடுங்க. 330னு மெனுல பாத்து ஆர்டர் பண்றவங்க கோச்சுக்க மாட்டாங்க, 300னு பாத்து 330 கட்டறவங்கதான் எனக்கு லெட்டர் போடறாங்க. கூட்டம் கொறையும்னு பயந்தா ஒரு மாசம் ரெண்டே ஐட்டத்துல ஏத்திப் பாருங்க. தனியா டிப்ஸ் டப்பா ஒண்ணு கவுண்டர்ல வைங்க, வாரக் கடைசில பசங்க முன்னாடியே அதை எண்ணிப் பிரிச்சுக் கொடுங்க, ஒடஞ்ச கப்புக்கு அதுலேந்து கழிக்காதீங்க.

அப்புறம் அந்த வாசல் போர்டுல பாதியாவது தமிழ்ல எழுதுங்க, கேக்க கூச்சப்படறவங்க நெறைய பேர் வர்றாங்க.